சரிசெய்யும் இழுப்பறை

சலவைக் கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டி, ஒரு பூதக்கண்ணாடிக்குக் கீழே இரண்டு கைகள் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். முன்பக்கம் துணி கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் கைகளின் சொந்தக்காரியைத் தெரியாது. சிகரெட் சுட்ட ஓட்டை, ஆணியில் மாட்டிய கிழிசல், பூச்சி அரித்த பொத்தல், எதுவானாலும் அவளிடம்தான் போகும். அதே துணியின் உள்மடிப்பிலிருந்து இழை உருவி, ஓட்டைக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிடுவாள். திரும்ப வாங்குகிறவர் துணியை வெளிச்சத்தில் விரித்துத் தேடுவார். அகப்படாது. "எங்கேங்க கிழிஞ்சிருந்துச்சு?" என்று அவரே கேட்பார். அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கடையில் அவளுக்குக் 'கண்கட்டு' என்று பேர். வைத்தவர் இஸ்திரிக்காரர்.

"கண்கட்டு, என் வழுக்கையையும் கொஞ்சம் மூடிக் குடேன்."

"உள்மடிப்புல சரக்கு இருந்தாத்தானே அண்ணே இழை உருவ முடியும்?"

அவள் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. எட்டாவது படிக்கும்போது ஒரு கணக்கைப் போடச் சொல்லிக் கரும்பலகைக்கு அழைத்தார்கள். வரவில்லை. யாரும் அடிக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் அவளைச் சுற்றிக்கொண்டு போய் மீதிப் பலகையில் பாடத்தைத் தொடர்ந்தார். மணி அடிக்கும்வரை சாக்பீஸோடு அங்கேயே நின்றாள். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை, சித்தியோடு சலவைக் கடைக்குப் போனாள். கல்யாணம் ஆனது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள். சின்னதாக, உருண்டையாகப் பிறந்ததால் பட்டாணி.

பட்டாணி நான்காம் வகுப்புக்கு வந்தபோது வகுத்தல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. வாத்தியாரம்மா வீட்டுக்கணக்கைத் தனித்தனித் தாளில் கொடுத்தனுப்புவார். ஒரு சாயங்காலம் மகளின் அறையில் சத்தமே இல்லை என்று கண்கட்டு எட்டிப் பார்த்தாள். பட்டாணி மேஜைமுன் நேராக உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். தாளில் ஒரு கணக்கு இருந்த இடத்தில் ஓட்டை.

"வாயில என்னடி?"

மகள் தலையாட்டினாள். தாய் விரலை விட்டு எடுத்தாள். ஈரக் காகிதம். அதில் பென்சில் எண்கள்.

"தப்பா வந்துச்சும்மா. யாரும் பாக்கக்கூடாதுல்ல?"

காகிதம் தின்னும் பிள்ளையைப் பார்த்துவிட்டு எந்தத் தாய் சும்மா இருப்பாள்? ஆனால் அதற்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் அவளால் மட்டுமே முடியக்கூடியது. பட்டாணி கணக்குகளை முடித்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுத் தூங்குவாள். விடிந்ததும், மகள் எழுவதற்குமுன், கண்கட்டு தாளை எடுப்பாள். கைபேசியில் விடையைச் சரிபார்ப்பாள். தப்பான எண்ணை ரப்பரால் வலிக்காமல் அழிப்பாள். காகிதத்தின் சொரசொரப்பை நகத்தால் தேய்த்து அடக்குவாள். பிறகு மகளின் கையெழுத்திலேயே, இடப்பக்கம் சாய்கிற ஏழும் வாய் திறந்த நான்குமாக, சரியான எண்ணை எழுதிவிட்டு, தாளை இருந்தபடியே வைத்துவிடுவாள். கிழிந்திருந்தது என்றே இனி யாருக்கும் தெரியாது.

அழுகை நின்றது. வாத்தியாரம்மா தாள்களில் நட்சத்திரம் வரைந்து அனுப்பினார். லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. "என் மூளைதான் வந்திருக்கு" என்றார். "அப்போ நட்டு கழண்டிருக்கணுமே" என்றாள் மனைவி.

பிள்ளைகளை ஏமாற்றுவது நாம் நினைப்பதுபோல் சுலபம் இல்லை. பட்டாணி சோதித்துப் பார்த்தாள். ஒரு தாளின் அடியில், யாரும் கேட்காத ஒரு கணக்கைத் தானே எழுதி வைத்தாள்: இரண்டும் இரண்டும் ஒன்பது. விடிகாலைத் தூக்கக் கலக்கத்தில் கண்கட்டின் கை தன்போக்கில் ஒன்பதை அழித்து நான்கு போட்டது. அன்று பள்ளிக்குக் கிளம்பும்போது பட்டாணி தாளைப் பார்த்தாள், இழுப்பறையைப் பார்த்தாள், சிரித்தாள். தாய்க்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது தெரியவில்லை.

அடுத்த வாரத்தில் அறைக்குள்ளிருந்து கிசுகிசுப்புக் கேட்கத் தொடங்கியது.

"இன்னைக்கு ஆறு இருக்கு. மூணாவது ரொம்பக் கஷ்டம். சாரி."

"யாருகூடடி பேசற?"

"யாருமில்லம்மா." இழுப்பறை மெல்ல மூடும் சத்தம்.

பிறகு தாள்களோடு வேறு பொருள்களும் இருந்தன. ஒரு நாள் பல் உடைந்த சீப்பு. ஒரு நாள் பொம்மையின் கை, பக்கத்திலேயே பொம்மை. விளையாட்டுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்து, நேரம் இருந்ததால், கண்கட்டு கையைப் பொம்மையோடு சேர்த்துத் தைத்துவைத்தாள். அவள் சுபாவம் அது. உடைந்ததைப் பார்த்தால் விரல் நமநமக்கும்.

ஒரு முறை அவளுக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. தாளைத் தொடவே இல்லை. பட்டாணி பள்ளி முடிந்து வந்து கட்டிலருகே தாளை நீட்டினாள். ஆறு கணக்கு. ஆறும் சரி.

கண்கட்டுக்கு உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. இடப்பக்கம் சாய்ந்த ஏழு. வாய் திறந்த நான்கு. இதை எழுதியது யார்? போர்வைக்குள் தன் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தூக்கத்தில் எழுந்து போனேனா? வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா? வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. இவளே போட்டிருக்கிறாள். தானாக, முழுசாக, முதல் தடவை. கூப்பிட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று எழுந்து போனால், பட்டாணி இழுப்பறையின்மேல் கன்னத்தை வைத்து, "தேங்க்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு விடியற்கால வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவுசெய்தாள். செய்தும் இருப்பாள். ஆனால் நிறுத்தினால் காகிதம் தின்பாளோ என்ற பயம். மறுநாள் விடிந்ததும், சரி, கடைசியாக ஒருதடவை பார்த்துவிடலாம் என்று இழுப்பறையைத் திறந்தாள்.

கைக்குட்டையில் பாதி சுற்றிய ஒரு குருவி. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தது. தலைக்கு அணையாக அழிரப்பர். கண்ணில் ஒரு எறும்பு.

அவள் கத்தவில்லை. கத்தினால் மகள் எழுந்துவிடுவாள். கைக்குட்டையோடு எடுத்துப்போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த பூந்தொட்டியைக் கிளறிப் புதைத்தாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் பட்டாணி எழுந்து இழுப்பறையைத் திறந்துவிட்டாள். வெறும் மரம்.

"அம்மா! ஜன்னல் திறந்திருந்துச்சா?"

"ஆமா, ஏன்?"

"சரியாயிடுச்சு. பறந்து போயிடுச்சு." பட்டாணி ஜன்னலில் எக்கி வானத்தைப் பார்த்தாள். தாய் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். நகக்கண்ணில் மண் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வாரமே பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வாத்தியாரம்மா இளம்பெண், திட்டுகிற ரகம் இல்லை. ஒரு வெற்றுத்தாளை மேஜையில் வைத்தார்.

"பரீட்சைத்தாள்ங்க. ஒரு எழுத்துகூட எழுதல. டெஸ்க்குக்குள்ள வச்சு மூடிட்டு, கையக் கட்டி, கண்ண மூடி உக்காந்துக்கிட்டா. 'இப்ப எடுத்துப் பாருங்க டீச்சர்'ங்கறா. அவளப் பாத்து, பக்கத்துல உக்காந்திருந்த மூணு பசங்களும் அவங்க தாள உள்ள வச்சுட்டாங்க."

"எடுத்துப் பாத்தீங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே புரிந்தது. வாத்தியாரம்மா அவளையே பார்த்தார்.

"அம்மா, வீட்டுல யாரு அவளுக்கு எழுதித் தர்றது?"

கண்கட்டு விரல்களை மடியில் ஒளித்தாள். முகமே சொல்லியிருக்க வேண்டும். வாத்தியாரம்மா குரலைத் தணித்தார். "எனக்குத் தப்புதாங்க வேணும். எங்க வழி மாறிப் போறான்னு தெரிஞ்சாத்தானே கூட்டிட்டு வர முடியும்? நீங்க கொடுத்தனுப்பற தாள்ல வழியே இல்ல, விடை மட்டும் இருக்கு. இனிமே ரப்பரே வேணாம். தப்புன்னா மேல ஒரு கோடு. அவ்வளவுதான்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். சொல்லலாம். இன்றைக்கே சொல்லலாம். இல்லை, அவள் அப்பா வரட்டும், இரண்டு பேருமாகச் சொல்லலாம். கட்டிடத்தின் வாசலில் அண்ணாந்து பார்த்தாள்.

மூன்றாம் மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவர்மேல் பட்டாணி உட்கார்ந்திருந்தாள். கால்கள் வெளிப்பக்கம். ஆட்டிக்கொண்டிருந்தாள்.

படி ஏறியது அவளுக்கு ஞாபகம் இல்லை. பின்னாலிருந்து, சத்தம் போடாமல், இடுப்போடு சேர்த்துத் தூக்கி உள்ளே இறக்கினாள். மூச்சு வாங்கியது தாய்க்குத்தான். மகள் சாவகாசமாக இருந்தாள்.

"விழுந்திருந்தா என்னடி ஆகியிருக்கும்?"

"டிராயர்ல வச்சா சரியாயிடுவேன்." கொஞ்சம் யோசித்தாள். "பெரிய டிராயர் வேணும்."

கண்கட்டு வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்தாள். சொன்னாள். எல்லாவற்றையும், விடியற்காலை, கைபேசி, ரப்பர், நகம். பட்டாணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொய்" என்றாள். "உனக்கு வகுத்தலே வராது. அப்பா சொல்லிருக்காரு."

"செல்போனப் பாத்துப் போட்டேன்டா கண்ணு."

"அது என் கையெழுத்தும்மா!"

பள்ளிப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, வாத்தியாரம்மா கொடுத்தனுப்பியிருந்த பரீட்சைத்தாளின் முதுகில் கண்கட்டு எழுதினாள். இடப்பக்கம் சாய்கிற ஏழு. வாய் திறந்த நான்கு. இன்னொரு ஏழு. பட்டாணி தாளைப் பார்த்தாள். பிறகு தாயின் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்து, அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அப்போ பொம்மை?"

"நான்தான்."

"குருவி?"

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"தொட்டியில இருக்குடா. மண்ணுக்குள்ள."

பட்டாணி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எழுந்து படி இறங்கிப்போய்த் தொட்டியருகே நின்றாள். தோண்டவில்லை. மண்ணின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பின் வந்த நாட்கள்தான் கண்கட்டின் வாழ்க்கையிலேயே மோசமானவை என்று சொல்ல வேண்டும். மகள் பேசினாள், சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள். ஆனால் வீட்டில் எங்கே போனாலும் தாயின் கைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். சாதம் பரிமாறும்போது கையை. தலை பின்னும்போது கண்ணாடியில் கையை. ராத்திரி போர்த்திவிட வந்தால், "நானே போத்திக்கறேன்." கணக்குத்தாளை இழுப்பறையில் வைப்பதில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் எழுந்ததும் எண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், அவை தான் எழுதியவைதானா என்று. அதில்தான் கொடுமை: அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"இந்த நாலு நீயா, நானா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நீதான்டா."

"எப்படித் தெரியும்?"

கண்கட்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினாள். அகப்படவில்லை.

வீட்டிலிருந்த ரப்பர்களை எல்லாம் பொறுக்கிக் கணவனிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னாள். பென்சில் முனையில் இருந்த குட்டி ரப்பரைப் பல்லால் கடித்துப் பிடுங்கினாள். "வாத்தியாரம்மா சொன்னபடி கோடு போடு, போதும்" என்றாள். மகள் பென்சிலை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கணவர் ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுபோனது என்று போயிருந்தார். பட்டாணி கணக்குத்தாளைக் கூடத்து மேஜையில் பரப்பினாள். கண்கட்டு பக்கத்தில் உட்கார வந்தாள்.

"இங்க வேணாம். சமையல்ரூமுக்குப் போ."

போனாள்.

"கதவ மூடிக்கோ."

மூடினாள். இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிமுன் நின்றாள்.

"அம்மா, பேசு."

"என்ன பேச?"

"எதாவது. நீ அங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

அவள் பேசினாள். கடையைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தர் கோட்டுப் பையில் பல்செட்டை மறந்துவிட்டுப் போனதை, இஸ்திரிக்காரர் அதை ஹலோ ஹலோ என்று பேசவைத்ததை. கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை, பென்சில் ஓடும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. கண்கட்டும் நிறுத்தினாள்.

"பேசுன்னு சொன்னேன்ல!"

மறுபடி பேசினாள். பொத்தான் வகைகள், சித்தியின் குறட்டை, மழையில் நனைந்த ஒரு கல்யாண உடை. அங்கே பென்சில் கீறியது. ஒரு நீளமான கீறல், கோடு. மறுபடி எண்கள். மறுபடி ஒரு கோடு, இந்தத் தடவை அழுத்தி. காகிதம் கசங்கும் சத்தம் வந்தது. வாயில் போட்டுக்கொள்கிறாளோ? கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"என்னடா சத்தம்?"

"கீழ விழுந்துச்சு. எடுத்துட்டேன்." நாற்காலி நகர்ந்தது. "அம்மா, வரமாட்டேங்குது இது."

"நான் வரட்டுமா?"

கதவுக்கு அப்பால் பென்சில் மேஜையில் இரண்டு தடவை தட்டியது.

"வேணாம்," என்றாள் பட்டாணி. குரலில் அழுகை இருந்தது, ஆனால் பென்சிலும் ஓடத் தொடங்கியிருந்தது. "நீ பேசிட்டே இரு."

சொல்வதற்குக் கதை எதுவும் மிச்சமில்லை. கண்கட்டு தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்து, எதிரே அலமாரியில் இருந்த பாத்திரங்களின் பேர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.