மூன்றாவது வரியில் ஒரு கைரேகை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நீள மேசைக்கு அந்தப் பக்கம் சீருடையில் ஐந்து அதிகாரிகள். இந்தப் பக்கம் அண்ணாச்சி, அவர் சார்பில் பேச வந்திருந்த ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஒருவர், சாட்சியாக நான். வராதவர்கள் இரண்டு பேர். அண்ணாச்சியின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஹூஸ்டனில் நர்ஸ். டூட்டி மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கிடைத்திருந்தாலும் வந்திருக்கமாட்டார். கணவரை ஐந்து பேர் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. இன்னொருவர் அண்ணாச்சியின் அம்மா. அவர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்தார். அவருக்குப் பதிலாக அவர் எழுதிக்கொடுத்த முத்திரைத்தாள் மேசைமேல் இருந்தது. எழுதிக்கொடுத்த என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவருக்கு எழுதத் தெரியாது.

அமெரிக்க ராணுவத்திலிருந்து நல்ல பெயரில்லாமல் அனுப்பப்பட்டவர்களின் மனுக்களை விசாரிக்க ஊர் ஊராகப் போகிற குழு அது. அந்த வாரம் டல்லாஸுக்கு வந்திருந்தது. அண்ணாச்சியின் விடுவிப்புச் சான்றில் ஒரே ஒரு வரியை மாற்றித் தாருங்கள் என்று கேட்கப் போயிருந்தோம். ‘கௌரவக் குறைவான நிலையில்’ என்று அதில் இருந்தது. அந்த வரியோடு குடியுரிமைக்கு எழுதிப்போட்டால் சிக்கலாகும், முதலில் இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். குடியுரிமை இருந்தால்தான் பெற்ற தாயை அழைத்துக்கொள்ள முடியும். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை மட்டும் போதாது. ஊரில் அம்மா தனியாக இருந்தார். எழுபது வயது. விஷயம் இவ்வளவுதான்.

நான் ஹூஸ்டனுக்கு வந்த புதிதில் அவர்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். மதினிக்கு நர்ஸ் வேலை கிடைத்து, அவரோடு வந்தவர் அண்ணாச்சி. பத்தாம் வகுப்பு. அதிகம் படிப்புக் கேட்காத வேலையாக ராணுவம் கிடைத்தது. டெக்சாஸிலேயே ஒரு முகாமில் லாரி ஓட்டினார். நான் பார்த்த காலத்தில் ஹில்கிராஃப்ட் சாலையில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கி, உணவகங்களுக்கு வேனில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார். மூட்டையைத் தோளில் ஏற்றும்போது மட்டும் அவர் முதுகு பட்டாளத்து முதுகாக நிமிரும். மற்ற நேரத்தில் அவரைப் பார்த்தால் எதற்கோ மன்னிப்புக் கேட்கத் தயாராக இருப்பவர் போலத்தான் தோன்றும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்து வயதிலிருந்தே தெருவுக்கே மணியார்டர் பாரம் நிரப்பிக்கொடுத்தவன். படிவம் என்றால் எனக்குப் பயமில்லை, கொஞ்சம் ஆசைகூட உண்டு. ஒரு சனிக்கிழமை அவருடைய குடியுரிமை மனுவை நானே நிரப்பித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். ராணுவச் சேவை பற்றிய கேள்வி வந்ததும் அண்ணாச்சி டீக் குவளையைக் கீழே வைத்தார். “அத விடுல. அந்தப் பாரத்த மடக்கி வையி,” என்றார். அடுப்படியிலிருந்து மதினி, “பாரத்தப் பாத்தா இவன் விடமாட்டான். சொல்லிருங்க. எத்தன வருசம் எனக்கும் சுவத்துக்கும் மட்டும் சொல்லிக்கிட்டு இருப்பிய,” என்றார்.

அவர் சொன்னார். முகாமில் இருந்தபோது ஊரிலிருந்து தந்தி வந்தது: அப்பா ஆஸ்பத்திரியில், உடனே புறப்படு. அவர் அதைக் கேப்டனிடம் காட்டி விடுப்புக் கேட்டார். இப்படி வரும் செய்திகளை விசாரித்துச் சொல்வதற்கென்று ஒரு தொண்டு அமைப்பு உண்டு. அவர்கள் திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், சங்கரன்கோவிலில் கேட்டார்கள். அந்தப் பெயரில் நோயாளி யாரும் இல்லை என்று பதில் வந்தது. கேப்டன் தந்தியை மேசைமேல் போட்டு, பொய் சொல்லி விடுப்பு வாங்கப் பார்க்கிறாய் என்றார். அப்பா எங்கோ ஒரு கட்டிலில் கிடக்கிறார், பெயரை மாற்றி எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அண்ணாச்சி அன்று சாயங்காலமே முகாமைவிட்டு வெளியேறிவிட்டார்.

ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவரைக் கூட்டிப்போக சித்தப்பா மகன் நின்றிருந்தான். மொட்டைத் தலையோடு நின்றிருந்தான். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா தோட்டத்தில் மோட்டார் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் போயிருந்தார். தந்தி கொடுத்தது அதற்கு மறுநாள்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குச் சாவைச் சாவென்று சொல்லி அனுப்பமாட்டார்கள். வந்து சேரட்டும், வீட்டுக்குள் வந்து அழட்டும் என்பார்கள். ஆனால் இதை அந்தக் கேப்டனிடம் எப்படிச் சொல்வது? காரியம் முடிந்து, கையில் பணமில்லாமல் டிக்கெட்டுக்கு அலைந்து, முப்பத்து நான்காவது நாள்தான் அண்ணாச்சி திரும்பிப் போனார். ராணுவக் கோர்ட்டா, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகிறாயா என்று கேட்டார்கள். கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம், சர்வீஸ் முடிந்துவிட்டது, இனி வீட்டோடுதான் என்று போனில் சொன்னார். அம்மாவும் சந்தோஷப்பட்டாராம்.

அப்போதே நடந்ததைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு. அண்ணாச்சி பாரத்தை எடுத்து அவரே மடக்கினார். பிறகு சொன்னார்: “எங்கம்மா பொய் சொன்னான்னு இங்கிலீஷ்ல எழுதி, அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமால? நான் பொய்யன்னே இருந்துட்டுப் போறேன்.”

ஒரு மாதம் அதே பதில்தான். மதினிதான் சார்ஜன்ட்டைக் கண்டுபிடித்தார். அவருடைய வார்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். வியட்நாம் போரில் இரண்டு விரல்களை இழந்தவர். இம்மாதிரி மனுக்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடிக்கொண்டிருந்தார். காகிதங்களையெல்லாம் படித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: நீ பொய் சொல்லவில்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவரைக் கேட்டாயா? அந்த அம்மாவைக் கூட்டிவரத்தான் இந்த மனு, அந்த அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றால் எப்படி என்று மதினி கேட்டார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கடிதம் மட்டும் போடவேண்டாம் என்றார்.

அது எனக்குப் புரிந்தது. படிக்கத் தெரியாத வீட்டுக்குப் போகும் கடிதம் ஒருவருக்குப் போவதில்லை. என் அம்மாவுக்கு நான் எழுதிய கடிதங்களைத் தபால்காரர் வாசலில் நின்று உரக்கப் படிப்பார்; எனக்குத் தேர்வில் எத்தனை மார்க் என்று தெரு முழுக்கத் தெரியும். அண்ணாச்சி பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்டவர் என்பதும் அப்படித்தான் தெரியவரும். அந்த வருடம் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க நான் சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணாச்சியின் அம்மாவிடம் அவர் வீட்டுக்குள் வைத்து, கதவை ஒருக்களித்துவிட்டுச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தந்தி, ஆஸ்பத்திரி, கேப்டன், கையெழுத்து என்று நான் வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை ஒரு காம்புகூட விடாமல் ஆய்ந்தார். முடித்த பிறகு கேட்டார்.

“அப்ப இத்தன வருசமா எங்கிட்ட மறச்சு வச்சிருந்தானா?”

“ஆமாம்மா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு.”

அம்மா கீரைச் சட்டியைத் தள்ளி வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். “பாத்தியா, எம் புள்ளதான். நான் ஒண்ண மறச்சேன், அவன் ஒண்ண மறச்சிருக்கான்,” என்றார். சிரிப்பு அடங்கியபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மூணு ஏரோப்ளேன் மாறி வரணும்னான். அழுதுக்கிட்டே வந்தா பாஷை தெரியாத ஊருல எங்கயாது வழி தப்பிப் போயிருவான்னுதான் ஐயா அப்படிச் சொல்லச் சொன்னேன். வேற ஒண்ணும் நினைக்கல,” என்றார். சற்றுப் பொறுத்து, எங்கே ரேகை வைக்கவேண்டும் என்று கேட்டார்.

சங்கரன்கோவிலில் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று அம்மா திருநெல்வேலிக்கே கூட்டிப்போகச் சொன்னார். கோர்ட்டுக்கு எதிரில் ஒரு நோட்டரி. டைப் அடித்துக் கொண்டுவந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினார்கள். மூன்றாவது வரியில், ‘என் கணவர் மருத்துவமனையில் இருப்பதாகத் தவறான தகவல் அளித்தேன்’ என்று இருந்தது. அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“என்னமோ தகவல் கிகவல்ங்காரு. பொய்னு போடச் சொல்லு ஐயா.”

சட்டத்துக்கு அப்படி எழுதுவதில்லை, இது மரியாதையான வார்த்தை என்று நோட்டரி விளக்கினார். “எனக்கு எதுக்கு மரியாதை? தவறுன்னா தெரியாமச் செஞ்சதுல்லா? நான் தெரிஞ்சுதான் சொன்னேன். மரியாதையெல்லாம் அவனுக்குல்லா கேக்க வந்திருக்கோம்,” என்றார் அம்மா. நோட்டரி என்னைப் பார்த்தார். அம்மா சொன்னபடியே போடுங்கள் என்றேன். புதுத் தாளில் அடிக்க நேரமாகும் என்று, ‘தவறான தகவல் அளித்தேன்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே ‘பொய் சொன்னேன்’ என்று எழுதினார். திருத்தம் செய்த இடத்தில் ரேகை வேண்டும் என்றார். அம்மா பெருவிரலை மையில் ஒற்றி மூன்றாவது வரியின் ஓரத்தில் அழுத்தினார். கடைசியில் இன்னொரு ரேகை.

டல்லாஸ் அறையில் முதலில் சார்ஜன்ட் பேசினார். பிறகு என்னைக் கேட்டார்கள், இது உங்கள் மக்களிடையே உள்ள வழக்கம்தானா என்று. பேசவேண்டியதைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது என் மாமா வந்து, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லித்தான் அழைத்துப்போனார். வழியில் பஸ் நின்ற இடத்தில் எனக்கு முறுக்கு வாங்கிக்கொடுத்தார். நான் சாப்பிட்டேன். வீட்டு வாசலுக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து அத்தனை மணிநேரம் தெரிந்துகொண்டே வந்தார். அவ்வளவுதான் சொன்னேன்.

தலைவர் முத்திரைத்தாளைக் கையில் எடுத்தார். கடைசியில் இருப்பது கையெழுத்துக்குப் பதில் என்று புரிகிறது, நடுவில் ஏன் ஒரு மைக்கறை என்று கேட்டார். அது கறையில்லை, ரேகை என்று நான் நோட்டரி கடையில் நடந்ததைச் சொன்னேன். அவர் மொழிபெயர்ப்பையும் அந்த ரேகையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தாளைப் பக்கத்திலிருந்த பெண் அதிகாரியிடம் தந்தார். அந்த அம்மையார் அதை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அண்ணாச்சியிடம், இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றார். நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. “என் அம்மாவைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை, மேடம். அவரே எழுதிவிட்டார்,” என்றார். அந்த அம்மையார் ஏதோ குறித்துக்கொண்டார். அதற்குமேல் கேள்வி இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. கௌரவமான நிலையில் பொது விடுவிப்பு என்று மாற்றியிருந்தார்கள். முழு கௌரவம் இல்லை; முகாமை விட்டுப்போனது விட்டுப்போனதுதானே. ஆனால் குடியுரிமைக்கு அது போதும் என்றார் வக்கீல். மறுநாள் அண்ணாச்சி பகல் ஒரு மணிவரை தூங்கினார். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு மதினி என்னிடம், “பட்டாளத்துல அந்தப் பழைய காயிதத்தக் குடுத்ததுக்கு அப்புறம் இவுக இப்படித் தூங்கி நான் பாத்ததில்ல. எழுப்பிராத,” என்றார்.

அம்மா இந்த வருடம் வந்துவிட்டார். இப்போது நான் ஹூஸ்டனை விட்டு ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கிறேன். விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அம்மா ஊரிலிருந்து கிளம்புமுன் போனில் அண்ணாச்சி அவரிடம், “இங்க எல்லாரும் நல்லாருக்கோம்மா. நெசமாவே நல்லாருக்கோம், கேட்டியா,” என்று இரண்டு முறை சொன்னாராம்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சார்ஜன்ட் ஒரு டாலர்கூட வாங்கவில்லை. டல்லாஸ் போய்வந்த பெட்ரோலும் விசாரணைக்கென்று வாங்கிய ஒரு டையும்தான் அண்ணாச்சியின் கணக்கு, ஐம்பத்திரண்டு டாலர். திருநெல்வேலியில் நான் பர்ஸை எடுத்தபோது அம்மா என் கையைத் தள்ளிவிட்டார். நான் சொன்ன பொய்க்கு நீ எதுக்கு ஐயா துட்டு குடுக்க என்று கேட்டுவிட்டு, முந்தி முடிச்சை அவிழ்த்து அவரே எண்ணி வைத்தார். முத்திரைத்தாள் இருபது, டைப் அடித்தவருக்குப் பதினைந்து, நோட்டரிக்கு ஐம்பது. எண்பத்தைந்து ரூபாய்.