அம்மாவுக்குப் போட்ட கலர்

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பது வழக்கம். சுமங்கலியாகப் போய்ச்சேர்ந்த வீட்டுப் பெண்ணுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். என் கல்யாணத்தில் அந்தப் படையல் அம்மாவுக்கு. நான் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டவள். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அதைக் கலராக்கிப் பெரிதாகப் போட்டுப் படையலில் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். அம்மா நிஜத்தில் எப்படி இருந்தாள் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆம்பூர் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் கம்ப்யூட்டரில் கண்மூடித் திறப்பதற்குள் கலர் போட்டுக் காட்டினார். பச்சைப் புடவை, சிவப்புப் பொட்டு, சுண்டினால் ரத்தம் வரும் நிறத்தில் கன்னம். ஏதோ துணிக்கடை விளம்பரப் பெண் எங்கள் வீட்டு மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். இது எங்கள் அம்மா இல்லை என்று பாய் மேல் எரிந்து விழுந்தேன். பாவம் அவர், மெஷின் அதுவாகப் போடுகிறது, நிஜக் கலர் எதுவென்று சொன்னால் மாற்றித் தருகிறேன் என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? கூட வந்திருந்த அப்பாவைப் பார்த்தேன். அம்மாவைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. தோல் பதனிடும் ஷாப்பில் கலர் அடிக்கிற இடத்தில் வேலை செய்தவர். அங்கே கம்பெனிக்காரன் ஒப்புக்கொண்ட சாம்பிள் துண்டைப் புதுத்தோல் மேல் வைத்து, வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். ட்யூப்லைட்டில் பார்த்ததை ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

அப்பா என் கையைப் பிடித்து ஸ்டுடியோ வாசலுக்குக் கூட்டிப் போனார். வளையலை மேலே தள்ளி, மணிக்கட்டை வெயிலில் திருப்பினார்.

“பாய், இதான் சாம்பிள். இத வெச்சுப் போடுங்க. அவ அப்டியே இந்தக் கலருதான்.”

பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பொண்ணு கலர் கம்மி என்று தரகரிடம் சொல்லி அனுப்பிய கை அது. நானும் முப்பது வயதுவரை அதில் தடவாத கிரீம் இல்லை.

பாய் பிரிண்ட் எடுத்து எடுத்து வாசலுக்கு வந்தார். என் கையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கறுப்பு ஜாஸ்தி பண்ணுங்க என்று அப்பா மேஸ்திரி மாதிரி விரட்டினார். புடவை என்ன நிறம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை, பச்சையே இருக்கட்டும் என்றார். கடைசிப் பிரிண்டைக் கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவதாம்மா” என்றார்.

பெண்ணுக்கென்று அவள் ஒரு குண்டுமணித் தங்கம்கூட வைத்துவிட்டுப் போகவில்லை என்று அத்தைகள் அங்கலாய்ப்பார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு, அவள் கொடுத்ததையே உடம்பெல்லாம் தேய்த்துத் தேய்த்துப் போக்கப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அது போகவில்லை.