மடித்த வெள்ளைக் கைக்குட்டை

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் கறிக்கோழிக் கொட்டகைக்கு ஒரு மேற்பார்வையாளர் பொறுப்பாக இருந்தார். நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். எண்ணெய் வழிய வாரிய தலையோடு வருவார். வாசலைத் தாண்டும்போதே மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். ஒரு கோழியையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

துரை வீட்டு விருந்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், குளிர் பட்டால் எடை குறைந்துவிடும் என்று சன்னல்களையெல்லாம் உள்பக்கம் சாக்கு வைத்து ஆணியடித்தார். கொழுத்த கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. எச்சத்தின் நெடியில் எனக்குக் கண் எரிந்தது.

“ஐயா, குஞ்சுக்குத்தான் சூடு வேணுங்க. இம்புட்டு வளந்ததுகளுக்குக் காத்து வேணும். ஒரு சாக்கையாவது எடுத்து விடுங்க.”

“கொழுந்து பறிச்சவளுக்குக் கோழியப் பத்தி என்னா தெரியும்? கூட்டுற வேலையப் பாரு,” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

விருந்துக்கு முந்தின நாள் காலையில் பாதிக் கோழிகள் செத்துக் கிடந்தன. துரை வந்து வாசலோடு நின்றார்.

“இந்தப் பொம்பள சன்னலத் தொறந்து விட்டுட்டா, தொரை. குளிர் தாங்காம செத்துப்போச்சு,” என்று மேற்பார்வையாளர் என்னைக் காட்டினார்.

சாக்குகள் ஆணியோடு அப்படியே இருந்தன. அன்றே வேலைப் பதிவிலிருந்து என் பேரை வெட்டினார்கள்.

அந்தப் பொய்யைச் சொன்னபோதும் மேற்பார்வையாளர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. காற்றுப் புகுந்த கொட்டகையில் ஏன் அத்தனை நாற்றம் என்று துரை கேட்கவில்லை. அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்.