சூடான பாண் பற்றிய அறிவித்தல்

பின்னூட்டம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது தொலைபேசியில்தான். கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் மிஸ் பேசினார்.

"பிள்ளைகளிட செயற்றிட்டம் முடிஞ்சிட்டு. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன். நீங்க அவங்களுக்குப் பின்னூட்டம் குடுக்கோணும். அவங்களும் உங்களுக்குக் குடுப்பாங்க."

நான் ஓம் என்றேன். போனை வைத்ததும், பின்னூட்டம் என்றால் என்னவென்று மனைவியிடம் கேட்டேன். அவ கொஞ்சம் யோசித்தா. "ஊட்டம் எண்டா சாப்பாடுதானே? வேலை முடிஞ்ச பிறகு குடுக்கிறதாக்கும்," என்று சொல்லி, சனிக்கிழமைக்குக் கோழி சொல்லிவிட்டா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பாலாவிக்கும் கற்பிட்டிக்கும் இடையில் எங்களுக்கு ஒரு சின்ன பேக்கரி இருக்கிறது. பின்னேரத்தில் எங்கள் ஓட்டோ பாண், பணிஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும். நாட்டிலுள்ள பாண் ஓட்டோக்கள் எல்லாம் ஒரே மெட்டைத்தான் போடுகின்றன. எங்கள் பக்கம் வேறு பேக்கரி வண்டிகளும் வரும். மெட்டுக் கேட்டால் எந்த வண்டி என்று ஒருவருக்கும் தெரியாது. மாணவர்களின் செயற்றிட்டத்துக்கு ஒரு பிரச்சினை தாருங்கள் என்று கல்லூரியில் கேட்டபோது நான் இதைத்தான் கொடுத்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். தலைவி உடப்பைச் சேர்ந்த பிள்ளை. கடற்கரையில் பேசிப் பழகிய குரல், மாவறைக்குள் நின்று பேசினாலும் ரோட்டுக்குக் கேட்கும். சிலாபத்துப் பொடியன் ஒலிப்பதிவு வேலைகள் தெரிந்தவன். மூன்றாவது புத்தளம் டவுனிலிருந்து வந்த பிள்ளை. அவ பேசவே மாட்டா. வருவா, மீனும் கிழங்கும் வைத்த மாலு பாண் ஒன்று வாங்கித் தின்பா, பார்த்துக்கொண்டிருப்பா.

மெட்டை விட்டுவிட்டு முதலாளியின் குரலையே போடுவோம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். வேறு எந்த வண்டியிலும் அது இருக்காது அல்லவா? மா மூட்டைகளுக்கு நடுவில் என்னை நிற்கவைத்துப் பதிவு செய்தார்கள். "அஸ்ஸலாமு அலைக்கும். அன்பான ஊர் மக்களே..." அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. சனங்களின் கவனத்தை இழுக்க அது வேண்டும் என்று சிலாபத்துப் பொடியன் சொன்னான். அதன் பிறகுதான் சூடான பாண் வந்திருக்கிற செய்தி.

முதல் நாள் வண்டி போன ஒழுங்கையில், வாசலுக்கு வராத ஆளில்லை. பெண்கள் தலையை மூடிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் தொப்பியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மூலை வீட்டு மாஸ்டர் ஓட்டோவை மறித்து, தணிந்த குரலில், "ஆரு மௌத்து?" என்று கேட்டாராம். பள்ளிவாசலில் மரண அறிவித்தலும் இப்படித்தான் தொடங்கும்.

"ஆருமில்ல மாஸ்டர். பாண்," என்றிருக்கிறான் எங்கள் சாரதி.

மாஸ்டர் அப்படியே நின்றார். பிறகு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி ஒரு றாத்தல் பாண் வாங்கினார். வெளியே வந்துவிட்டவர்கள் வெறுங்கையோடு திரும்புவது சரியில்லை என்று மற்றவர்களும் வாங்கினார்கள். வண்டி வெறுமையாகத் திரும்பி வந்தது.

இரண்டொரு நாளில் பழகிவிடுவார்கள் என்று நினைத்தேன். பழகவில்லை. பாண் வண்டிதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இன்றைக்கு உண்மையாக இருந்துவிட்டால்? அந்தச் சந்தேகத்தில் தினமும் வந்து பார்த்தார்கள், தினமும் வாங்கினார்கள்.

பிறகு ஒரு நாள் பின்னேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உண்மையான ஜனாஸா அறிவித்தல் வந்தது. இரண்டு வீடுகளிலிருந்து பெண்கள் கூடையோடு வெளியே வந்திருக்கிறார்கள். அடுத்த நாளே பள்ளிவாசல் நிர்வாகி என்னைத் தேடி வந்தார். அவருக்குக் கோபப்படத் தெரியாது. "தம்பி, உங்கட பாண் நல்லம். ஆனா சனங்கள் குழம்புது," என்றார். அன்றைக்கே குரலை நிறுத்தி, பழைய மெட்டைப் போடச் சொன்னேன்.

சனிக்கிழமை மிஸ்ஸும் மூன்று பேரும் வந்தார்கள். மனைவி முதலில் சோற்றைப் போட்டா. பின்னூட்டம் அது இல்லை என்று மிஸ் விளங்கப்படுத்தியபோது எல்லோரும் பாதி தின்றாகிவிட்டது. கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு குறை சொல்வது யாருக்கும் லேசில்லை. மிஸ் கையைக் கழுவிவிட்டுத் தொடங்கினார்.

"செயற்றிட்டத்தின் நோக்கம் நிறைவேறிச்சா?"

"ஓம். வியாபாரம் கூடிச்சு."

"வாடிக்கையாளர்கள் சந்தோஷமா?"

"நல்ல சந்தோஷம், மிஸ். ஆரும் மௌத்தாகல்ல எண்டு சந்தோஷம்."

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். "இதை நான் எப்படிப் போடுறது?"

"நல்லது எண்டே போடுங்க மிஸ்," என்றான் சிலாபத்துப் பொடியன்.

அடுத்தது அவர்களின் முறை. என்னைப் பற்றி அவர்கள் சொல்ல வேண்டும். உடப்புப் பிள்ளை எழும்பி நின்றா. அன்றைக்கு அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது.

"முதலாளி, கோபிக்காதீங்க. நாங்க எதைக் காட்டினாலும் நீங்க நல்லம் எண்டுதான் சொன்னீங்க. ஆனா அதைச் சொன்ன விதத்தில உங்களுக்குப் பிடிச்சுதா, வீட்டில ஏதும் நடந்துட்டுதா எண்டு எங்களுக்கு விளங்கல்ல. குரலைப் பல தரம் பதிஞ்சோம். அதில ஆகச் சந்தோஷமா இருந்ததைத்தான் வண்டியில போட்டோம்."

ஆகச் சந்தோஷமானது அதுவா! இத்தனை வருஷமாக இந்தக் குரலால்தான் ஆட்களை வரவேற்றிருக்கிறேன், பெருநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன்.

குசினிக்குள்ளிருந்து மனைவியின் சத்தம் வந்தது. "நிக்காஹ் அண்டைக்கு இவர் கபூல் எண்டு சம்மதம் சொன்னதைக் கேட்டுட்டு எங்கட வாப்பா ஓடி வந்து உம்மாக்கிட்டக் கேட்டார், மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையோ எண்டு!"

பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸின் தோள் குலுங்கியது. கடைசியில் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் கேட்கிறவர்களுக்கு எப்படி இருந்ததோ தெரியாது.

"வேற ஏதும் சொல்ல இருக்கா?" என்று மிஸ் கேட்டார். அதுவரை வாயே திறக்காத மூன்றாவது பிள்ளை கையை உயர்த்தினா.

"மாலு பாண்ல மீன் காணாது."

எல்லோரும் அவவைப் பார்த்தோம். மிஸ் மெல்லச் சொன்னார்: "அது செயற்றிட்டத்துக்கு வெளியில, மகள்."

"ஓம் மிஸ். ஆனா கடிச்சா கிழங்குதான் வருது."

எனக்குச் சுள்ளென்றது. குரல் அல்லாஹ் தந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. மீன் நான் வைத்தது. சந்தையில் மீன் விலை, மா விலை, விறகு விலை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவ மரியாதையாகக் கேட்டா. மறுத்தும் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. சோறு போட்டுக் கொடுத்த மனைவியே குசினியிலிருந்து வந்து அவவின் பக்கம் நின்றா.

மிஸ் புள்ளி கேட்டார். முழுப் புள்ளி போடச் சொன்னேன். முழுப் புள்ளி போட முடியாது, முன்னேற இடம் விட வேண்டும் என்றார். அப்படியென்றால் பதிவில் விட்ட அந்த இடைவெளிக்கு மட்டும் கொஞ்சம் குறையுங்கள் என்றேன். சிலாபத்துப் பொடியன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். எல்லோரும் சித்தியடைந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த கிழமை கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்த மூன்றாவது பிள்ளைக்கு இப்போது கற்பிட்டிப் பக்கம் வேலை. சில நாட்களில் பஸ் எங்கள் கடைக்கு முன்னால் நிற்கும்போது அவ இறங்கி வருவா. ஒரு மாலு பாண் வாங்கி, அந்த இடத்திலேயே பிய்த்து, உள்ளே பார்ப்பா. பிறகு தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிடுவா. போதும் என்று ஆட்டுகிறாவா, இன்னும் காணாது என்று ஆட்டுகிறாவா என்று எனக்கு விளங்குவதில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் பயமாக இருக்கிறது.