கரை வராத மகன்

போடிமெட்டு ரோட்டில், ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஏத்திப் போற ஜீப்புக்காக டீக்கடையில் உட்கார்ந்திருந்தப்பதான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயசிருக்கும். வெயிலில் காய்ந்த கறுத்த மேனி, உப்புத் தண்ணியில் செம்பட்டையான தலைமுடி. சைக்கிளை உருட்டிக்கிட்டு மேட்டில் ஏறி வந்தார். ஆள் ஏத்திப் போற ஜீப்பு தாண்டும்போதெல்லாம் நின்னு, உள்ளே இருக்கிற முகங்களை ஒண்ணுவிடாமப் பார்த்தார்.

"என்ன அண்ணே, சைக்கிளுக்கு மூட்டுவலியா? கைபிடிச்சுக் கூட்டிட்டு வர்றீக!" என்று டீக்கடைக்காரர் கேலி பண்ணினார். அவரும் சிரிச்சுக்கிட்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெளியாளிடம் நான் வாய் திறக்கவே மாட்டேன். அன்னைக்கு என்னமோ, "எங்கிட்டுப் போறீக அப்பு?" என்று கேட்டுட்டேன்.

"ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரெல்லாம் மிதிச்சுப் பார்த்தாச்சு ஆத்தா. இனி மலை தாண்டி மேற்குக் கடலுக்கு. மீன் பிடிக்கப் போன மகன் இன்னும் கரை வரலை."

படகு வரத் தாமதம்போல என்று நான் நினைச்சுக்கிட்டேன். "அதுக்கா மூஞ்சி வாடுறீக? வெரசா வந்துருவான் அப்பு" என்றேன்.

அவர் டீயைக் கீழே வச்சார். "வீட்டுல எல்லாரும் அவனுக்குக் காரியம் செய்யச் சொல்றாக. வருவான்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான் ஆத்தா."

கரை வரலைன்னா என்னன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அதுக்குள்ளே அவர் சைக்கிளில் ஏறிட்டார். அதுவரை உருட்டிக்கிட்டு வந்த மேட்டை, எழும்பி நின்னு மிதிச்சுக்கிட்டே போனார்.