கனகரத்தினம் அவர்களின் கடை திறப்பு அறிவித்தல்

விளம்பர நிறுவனம் என்றதும் என் மண்டைக்குள் ஓடியது இதுதான்: குளிரூட்டிய அறை, சுழல் கதிரை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், அவர் என் திறமையைப் பார்த்து வாயைப் பிளப்பது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா கிடந்த எங்களை, ஒரு தொண்டு நிறுவனம் ஐந்து நாளுக்கு ஆளுக்கொரு வேலைத்தலத்துக்கு அனுப்பியது. அங்கே ஒருவருக்குப் பின்னால் நிழல் மாதிரித் திரிந்து தொழிலைப் பார்க்க வேண்டும். தோழிகள் வங்கி, வைத்தியசாலை என்று எழுதிக் கொடுக்க, கீர்த்தனி ஆகிய நான் மட்டும் 'விளம்பரம்' என்று எழுதினேன். அக்காவின் குதிச் செருப்பையும் இரவல் வாங்கினேன். இரண்டாம் நாளே அது காலைக் கடித்துவிட்டது.

நிறுவனம் உட்துறைமுக வீதியில், வலை விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது. இரண்டு கணினி, பனர் என்ற விளம்பரப் பதாகை அச்சடிக்கும் இயந்திரம், கீழே ஒலிபெருக்கி கட்டிய ஓர் ஓட்டோ. முதலாளி கிண்ணியாக்காரர்; எல்லாருக்கும் அண்ணன் முறையில் பஹ்மி நானா. கண்ணாடி போட்டிருந்தார்தான், ஆனால் அது பார்வைக் குறைக்கு. முதல் மூன்று நாளும் நான் செய்த ஒரே படைப்பு வேலை, பனரின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நான்காம் நாள் கனகரத்தினம் ஐயா வந்தார். லொறி ஓடி அலுத்தவர், அதே வீதியில் தன் வீட்டு முன்னறையைத் தேத்தண்ணிக் கடையாக்கி மறுநாள் திறக்க இருந்தார்.

"என்ர ஊர்ப் பேர் வரவேணும். அண்ணன் இராசையான்ர பேரும் வரவேணும். ஓட்டோ என்ர ஊர் கட்டைபறிச்சான் வரைக்கும் போகவேணும்," என்றார்.

பஹ்மி நானா சிரித்தார். "இவ்வளவு பாலம் தாண்டி ஆர் ஐயா தேத்தண்ணி குடிக்க வரப்போறாங்க?"

"ஒராள் வந்தாப் போதும்."

அந்த ஒராள் அண்ணன்தான். ஆறு வருடத்துக்கு முன் தன் மகளின் கலியாணத்துக்கு, வேலை நெருக்கடியில், கனகரத்தினம் ஐயா நேரில் போய்ச் சொல்லாமல் அழைப்பிதழை ஆள்மூலம் கொடுத்தனுப்பிவிட்டார். கூடப் பிறந்தவனுக்கே ஆள்மூலமா என்று கொதித்த அண்ணன், "செத்தாலும் உன்ர வாசல் மிதியன்" என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பினாராம். மன்னிப்புக் கேட்கப் போனால் நாயை அவிழ்த்து விட்டாராம். போனையும் எடுப்பதில்லை.

"ஒலிபெருக்கிக்கு நாயை விடேலாதுதானே," என்றார் கனகரத்தினம் ஐயா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

எனக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டாள். "நானா, இதை நான் எழுதிறன். நானே வாசிக்கிறன்." பனர் இயந்திரம் சிக்கி அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் தலையாட்டிவிட்டார்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சாப்பிடும்போது வானொலியில் மரண அறிவித்தல் போகும். அது முடியும்வரை யாரும் கதைக்கக்கூடாது. ஒரு மனிதரின் ஊரையும் உறவையும் மரியாதையாகச் சொல்லும் முறை என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நானும் மரியாதையாக எழுதி, என் குரலில் பதிவும் செய்தேன்:

"கட்டைபறிச்சானைப் பிறப்பிடமாகவும், திருகோணமலை உட்துறைமுக வீதியை வதிவிடமாகவும் கொண்டவரும், இராசையா அவர்களின் அன்புச் சகோதரருமான கனகரத்தினம் அவர்கள், இன்று காலை பத்து மணியளவில்..."

இந்த இடத்தில் உணர்ச்சிக்காக ஒரு நிறுத்தம் வைத்தேன். அதை நிரப்பப் புல்லாங்குழலும் போட்டேன். அதன் பிறகுதான், "தமது தேத்தண்ணிக் கடையைத் திறந்து வைக்கிறார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

பஹ்மி நானா நேரமும் வீதியும் சரியா என்று மட்டும் பார்த்தார். நான் அன்றிரவு கண்ணாடி முன் நின்று, பத்திரிகைக்கு அளிக்கப்போகும் பேட்டியை ஒத்திகை பார்த்தேன்.

காலை ஒன்பது மணிக்கு ஓட்டோ ஓட்டும் ஸஜ்ஜாத் எனக்குப் போன் அடித்தார். "தங்கச்சி, என்னத்தப் படிச்சு வெச்சிருக்காய்? கட்டைபறிச்சான்ல பொம்புளையள் தலையில அடிச்சு அழுறாங்க!"

ஓட்டோ நிற்கவில்லை. புல்லாங்குழல் ஊதி முடிவதற்குள் அது அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது. முன்பாதியைக் கேட்டவர்களுக்குப் பின்பாதி கிடைக்கவில்லை. பத்து மணி இன்னும் ஆகவில்லையே என்று யோசிக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. ஒரு மனிதனின் ஒரே ஆசையை நாசமாக்கிவிட்டேன் என்று கடைக்கு ஓடினேன்; ஆனால் வடை அடுக்கிக்கொண்டிருந்த கனகரத்தினம் ஐயாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

பத்தரைக்கு ஒரு வான் வந்து நின்றது. வெள்ளை வேட்டியோடு இராசையா ஐயா, "என்ர தம்பி!" என்று குழறிக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளே ஓடினார். உள்ளே தம்பி புதுச் சேட்டுப் போட்டு, கையில் வடைத் தட்டோடு நின்றார்.

அண்ணன் ஓங்கி ஓர் அறை விட்டார். வடை முழுதும் நிலத்தில். அடித்த கையாலேயே தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"செத்தாலும் வரமாட்டன் எண்டனீங்கள்," என்று கனகரத்தினம் ஐயா அழுதுகொண்டே சிரித்தார். "வந்திட்டீங்களே அண்ணை."

அழுகை ஓய்ந்ததும் இராசையா ஐயா கேட்டார்: "அறிவித்தல் வாசிச்சது ஆர்?" காஸ் சிலிண்டருக்குப் பின்னால் குந்தியிருந்த என்னை, திறப்புக்கு வந்திருந்த பஹ்மி நானா தயங்காமல் காட்டிக் கொடுத்தார்.

"என்ர பேரை நீயாப் போட்டனியோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. அவர்தான் சொன்னவர். ஊர்ப் பேரும் உங்கட பேரும் கட்டாயம் வரவேணும் எண்டவர்."

அவர் தம்பியைப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்து வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். யாரும் கேட்காமலே கனகரத்தினம் ஐயா சீனி குறைத்துத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதுதான் அந்தக் கடையின் முதல் தேத்தண்ணி. நான் மன்னிப்புக் கேட்கப் பாடமாக்கிய நாலு வசனமும் மறந்துபோயின. எனக்கும் அழுகை வந்தது.

குடித்து முடித்த கோப்பையை வைத்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ர பேத்தி பெரியபிள்ளையாயிட்டாள், வாற மாசம் சாமத்தியச் சடங்கு. கடவுளேயெண்டு அதுக்கு நீ ஒண்டும் வாசிச்சிடாதை, பிள்ளை. இவன்ர வீட்டுக்கு நானே நேரை வந்து சொல்லுவன்."