ஓடையில் போட்ட பந்தல்

எங்கள் வீடு வாழவந்தி போகும் வழியில், மலைமேல் காப்பித் தோட்டச் சரிவில் இருக்கிறது. நாலு நாற்காலியைச் சேர்ந்தாற்போல் போட இடம் கிடையாது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடுகிற ஓடை மட்டும்தான் சமதளம். ஓடுகிற என்பது சும்மா மரியாதைக்கு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல். இந்தப் பக்கத்தில் எல்லோரும் ஓடையில் வண்டி நிறுத்துவார்கள், மிளகு காயவைப்பார்கள். மகளின் நிச்சயத்தை அதில் வைத்தவன் நான் ஒருவன்தான்.

முன்பே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனை மகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. இதுவும் கைநழுவிவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளூர உதறல். உதறல் எடுத்தவன் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பந்தல் போட்டேன்.

காலையில் என் மனைவி மலை உச்சியில் சேர்வராயன் கோயில் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். "ஏனுங்க, மேல நொம்பக் கருக்குது. ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கலாமுங்க."

நான் போனை எடுத்துக் காட்டினேன். அதில் சூரியன் படம் பளிச்சென்று இருந்தது. அது மலைக்குக் கீழே சேலத்து வெயில் என்பதைக் கவனிக்கவில்லை. "சித்திரைல இந்த ஓடைல தண்ணி வந்து யாரு பாத்தா?" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தூறல்கூட விழவில்லை. தட்டு மாற்றப்போகிற நேரத்தில், மேலே லாரியில் கல் கொட்டுவதுபோல் சத்தம். "எல்லாரும் கரை ஏறுங்க" என்றாள் மனைவி. என்னைக் கேட்காமலே எல்லோரும் ஏறிவிட்டார்கள். அவர்கள் ரோட்டுப் பக்கம், நாங்கள் வீட்டுப் பக்கம். எங்கள் தட்டு மட்டும் மேஜைமேலேயே இருந்தது. நிச்சயத் தட்டு தண்ணீரோடு போனால் சம்பந்தமும் போச்சு என்று எடுக்க ஓடினேன்.

திரும்புவதற்குள் செந்தண்ணீர் சருகும் கட்டையுமாக வந்துவிட்டது. நடு ஓடைப் பாறைமேல் தொற்றிக்கொண்டேன். வாடகை நாற்காலிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. தலைக்குமேல் தட்டு, இடுப்பில் நனைந்த பட்டு வேட்டி. தண்ணீரைவிட, அக்கரையில் நின்ற மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. வந்ததிலிருந்து அந்த அம்மா சிரிக்கவே இல்லை. என்னைப் "பொண்ணோட அப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கரையோரம் வந்து வாயருகே கைகுவித்துக் கூப்பிட்டார்.

"தட்டை உட்றாதீங்க சம்பந்தி. கெட்டியாப் புடிச்சுக்கங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழைத்தண்ணீர் என்று சமாளிக்கவும் வழியில்லை. அங்கேதான் மழையே பெய்யவில்லையே.

தண்ணீர் வடிந்தபிறகு, வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்று தட்டு மாற்றினோம். இப்போதும் மாப்பிள்ளை வந்தால் அக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.

"ஓடைல எறங்கலாங்களா மாமா?"

"அத்தையக் கேளுங்க மாப்பிள்ளை" என்று போனை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.